டிராகன்ஸ் டாக்மா 2: மறுபடி இறங்கலாமா, வேண்டாமா?

கேள்வி, 14 ஜூன் 2025

கேப்காம் நிறுவனத்தின் கற்பனை உலகச் சாகச வீடியோ கேமான டிராகன்ஸ் டாக்மாவின் முதல் பாகத்தை, டார்க் அரிசன் என்ற விரிவாக்கிய பதிப்பில், கணினியில் ஆடியவன் நான். தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினேன். இரண்டாம் பாகத்தை வந்த வாரமே வாங்கி, பட்டால் நாட்டுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டேன். ஒரே நடை, வழியெல்லாம் கோப்லின் என்ற அதே குட்டி அரக்கர்கள். இப்போது ஆளாளுக்கு "மறுபடி ஆடினேன், பிடித்துவிட்டது" என்கிறார்கள். கேம் நிஜமாகவே மாறியிருக்கிறதா, இல்லை எல்லாருக்கும் கோபம் ஆறிவிட்டதா?

14 ஜூன், இரவு

கோபம் ஆறியது பாதி, சரிசெய்தது கால்வாசி. மிச்சம் அப்படியே இருக்கிறது. நானும் கொஞ்ச நாளாக மறுபடி ஆடிக்கொண்டிருக்கிறேன், இன்னும் முடிக்கவில்லை. ஆட ஆட இங்கேயே எழுதுகிறேன்.

அந்தக் கோபத்தை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித்தான் அன்று திட்டினோம். 2024 மார்ச் 22 அன்று கேம் வந்தது. விமர்சகர்கள் நல்ல மதிப்பெண் போட்டிருந்தார்கள். ஆனால் வந்த அன்றே கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஆடுபவர்களின் எதிர்ப்பு குவிந்தது. 70 டாலர் கேமுக்குள் தனிக் காசுக்கு விற்ற பொருட்கள் முதல் காரணம். ஓரிடத்துக்கு நொடியில் தாவிவர நட்டுவைக்கும் போர்ட்கிரிஸ்டல் கல், முகத்தை மாற்றிக்கொள்ளும் புத்தகம், செத்தவரை எழுப்பும் கல், சிறையிலிருந்து தப்பிக்கும் சாவி. இவை எல்லாமே கேமுக்குள் கிடைப்பவைதான். இருந்தும் நடக்காமல் தூரத்து ஊருக்குத் தாவும் ஃபாஸ்ட் டிராவலை வேண்டுமென்றே அரிதாக்கிவிட்டு, அதற்கான கல்லை வெளியே காசுக்கு வைத்தால் ஆடுபவனுக்கு என்ன தோன்றும்? வேண்டுமென்றே கஷ்டப்படுத்தி விற்கிறார்கள் என்றுதான் தோன்றும். அந்த ஒரு முடிவு, கேமின் மற்ற எல்லாக் கஷ்டத்தின் மேலும் சந்தேகத்தைப் பூசிவிட்டது. எனக்கு இன்றைக்கும் அதில் ஆதங்கம் உண்டு.

அடுத்தது கேமின் பெரிய நகரமான வெர்ன்வொர்த். உள்ளே நுழைந்தாலே ஃபிரேம் ரேட் விழுந்து காட்சி திக்கியது. ஒவ்வொரு ஊராளுக்கும் தனி நடமாட்டம் வைத்திருந்ததால் சுமை முழுக்க கணினியின் மூளையான சிபியு மேல். கேப்காமே அதை ஒப்புக்கொண்டது. ஊராரைக் கொன்றால் ஃபிரேம் ரேட் ஏறுகிறது என்று சிலர் கத்தியோடு கிளம்பிய கூத்தும் நடந்தது. அப்புறம், ஆட்டத்தைச் சேமிக்க ஒரே ஒரு சேவ். புதிதாகத் தொடங்க மெனுவில் வழியே இல்லை. அதைச் சுமார் ஒரு வாரத்தில் பேட்ச் (திருத்தம்) போட்டுச் சரிசெய்தார்கள். முகம் மாற்றும் புத்தகமும் கேமுக்குள்ளேயே 99 வரை வாங்கலாம் என்றானது. ஃபிரேம் ரேட் பின்னால் வந்த பேட்ச்களில் மெல்லத் தேறியது.

இவையெல்லாம் நியாயமான கோபம். ஆனால் நீங்கள் கேட்டது வேறு: நடையும் கோப்லினும். அதற்கு நாளை.

15 ஜூன்

முதலில் நடை.

இயக்குநர் ஹிதெயாகி இட்சுனோ வெளியீட்டுக்கு முன்பே ஒரு பேட்டியில் சொன்னார்: பயணம் அலுக்கிறது என்றால் அது கேம் அலுப்பாக இருப்பதால்தான் என்று. பெரிய பேச்சு. பாதி வழி அதைக் காப்பாற்றியிருக்கிறார் என்று இப்போதும் சொல்வேன்.

மெல்வே கிராமத்திலிருந்து வெர்ன்வொர்த்துக்கு மாட்டு வண்டி உண்டு. காசு கொடுத்து ஏறி உட்கார்ந்து கண் அயர்ந்தால் நகரத்தில் விழிக்கலாம். இந்தத் தடவை நடுவழியில் விழிக்க வேண்டியதாயிற்று. பாதையை மறித்துக் கோப்லின் கூட்டம். சரி, கோப்லின்தானே என்று இறங்கினேன். பாதி சண்டையில் தரையில் ஒரு நிழல் ஓடியது, க்ரிஃபின் என்ற சிறகுள்ள ராட்சத மிருகம் வந்து விழுந்தது. வண்டி சுக்குநூறு. நான் அதன் பின்னங்கால் ரோமத்தைப் பிடித்துத் தொற்றிக்கொண்டேன். முதுகு வரை ஏறிக் குத்திக்கொண்டிருக்கும்போதே அது இறக்கையை விரித்துக் கிளம்பிவிட்டது. ஸ்டாமினா (தெம்பு) தீர்ந்தால் கை நழுவும், விழுந்தால் சாவு. அதனால் குத்துவதை நிறுத்திவிட்டு அசையாமல் ஒட்டிக்கொண்டேன். காடு, ஆறு, நான் இதுவரை போகாத ஒரு பள்ளத்தாக்கு எல்லாம் கீழே போயின. கடைசியில் ஒரு மலைமேல் தன் கூட்டில் இறங்கியது.

சண்டை எப்படியோ முடிந்தது. அப்புறம்தான் விஷயமே. பொழுது சாய்ந்துவிட்டது. லாந்தரில் எண்ணெய் கொஞ்சம். அடிபட்டதில் உயிர்ப்பட்டையின் ஒரு பகுதி கருத்துக் கிடக்கிறது. மருந்து குடித்தாலும் அது நிரம்பாது, படுத்து எழுந்தால்தான் நிரம்பும். கூடாரம் போடும் மூட்டை, பான் எனப்படும் என் துணையாட்களில் ஒருத்தியிடம் இருக்கிறது, அவள் பக்கத்தில் இல்லை. இந்த கேமில் இரவு என்றால் நிஜமான இருட்டு, எலும்புக்கூடுகள் எழுந்து வருகிற இருட்டு. அந்த மலையிலிருந்து பாதைக்கு இறங்கி வந்ததுதான் எனக்கு டிராகன்ஸ் டாக்மா 2. அதை எந்த குவெஸ்ட்டும் (கேம் தரும் வேலை) எனக்குத் தரவில்லை. வரைபடத்தில் எந்தக் குறியும் இல்லை. ஃபாஸ்ட் டிராவல் தாராளமாக இருந்திருந்தால் கூட்டில் நின்றபடியே ஊருக்குத் தாவியிருப்பேன், அந்த இரவு எனக்குக் கிடைத்திருக்காது.

15 ஜூன், கொஞ்சம் கழித்து

ஒன்றைச் சேர்க்க வேண்டும். நீங்கள் முதல் பாகத்தை டார்க் அரிசனின் கணினிப் பதிப்பில் ஆடியதாகச் சொன்னீர்கள். அதில் ஃபாஸ்ட் டிராவலுக்கான தீராத ஃபெரிஸ்டோன் கல் ஒன்று முதலிலிருந்தே பெட்டியில் கிடக்கும். எத்தனை தடவை வேண்டுமானாலும் தாவலாம். 2012இல் பிஎஸ் 3இலும் எக்ஸ்பாக்ஸ் 360இலும் ஆடியவர்களுக்கு அந்த வசதி கிடையாது. கால் தேய நடந்தவர்கள் அவர்கள். இரண்டாம் பாகம் உங்களுக்கு வசதியைப் பிடுங்கிக்கொண்ட கேமாகத் தெரிகிறது, அவர்களுக்கோ பழைய வீடு திரும்பிய மாதிரி. இதே பக்கத்தில் ஒருவரையொருவர் கடித்துக்கொண்ட இரண்டு கூட்டமும் பெரும்பாலும் இப்படிப் பிரிந்தவைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

19 ஜூன்

கோப்லின் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான், முழுசாக.

நிலப்பரப்பு முதல் பாகத்தைப்போல நான்கு மடங்கு என்று சொல்லித்தான் விற்றார்கள். எதிரிகள் நான்கு மடங்கு ஆகவில்லை. கோப்லின், சோரியன் பல்லிகள், ஹார்பி, ஓநாய், கொள்ளைக்காரர்கள். பெரியவற்றில் ஓகர், சைக்ளாப்ஸ், மினோட்டர், சிமேரா, க்ரிஃபின், கோலெம், ட்ரேக். ஒவ்வொன்றும் அருமையாகச் செய்யப்பட்டவை. சைக்ளாப்ஸைச் சரியான இடத்தில் தடுமாறவைத்தால் பள்ளத்தின் குறுக்கே விழுந்து பாலமாகக் கிடக்கும், அதன் மேல் நடந்து அக்கரைக்குப் போகலாம். இப்படி ஒன்றை யோசித்தவர்களால் இன்னும் பத்து வகை எதிரிகளை யோசித்திருக்க முடியாதா என்பதுதான் என் வருத்தம்.

நடையைத் தாங்குவதே வழியில் என்ன வரும் என்று தெரியாததுதான். எந்த வளைவில் எந்தக் கூட்டம் நிற்கிறது என்று மனப்பாடம் ஆன பிறகு அதே தூரம் இரண்டு மடங்காகத் தெரிகிறது. முதல் தடவை இது பட்டாலில்தான் உறைத்தது. இரண்டாம் தடவை, வெர்ன்வொர்த் இருக்கும் முதல் நாடான வெர்மண்டிலேயே ஆரம்பித்துவிட்டது. ஆகவே 15ஆம் தேதி எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள். க்ரிஃபின் தூக்கிக்கொண்டு போன மாதிரி நாட்கள் உண்டு, ஆனால் அவற்றுக்கு நடுவே ஒன்றுமே நடக்காத பாதைகளும் நிறைய உண்டு.

முதல் பாகத்திலும் எதிரிகள் அதிகமில்லை என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். வாஸ்தவம். ஆனால் அதில் டிராகனை வென்ற பிறகு எவர்ஃபால் என்ற அடியில்லாக் குழி திறக்கும். 2013இல் டார்க் அரிசனோடு பிட்டர்பிளாக் தீவும் வந்துவிட்டது. புதிய எதிரிகள், புதிய ஆயுதங்கள், ஆட ஆட ஆழம் போகிற இடம். இரண்டாம் பாகத்துக்கு 2025 ஜூன் வரை விரிவாக்கம் எதுவும் வரவில்லை. இட்சுனோவும் 2024 ஆகஸ்ட் கடைசியோடு, முப்பது வருடம் வேலை பார்த்த கேப்காமை விட்டு வெளியேறிவிட்டார். முழுமையான முதல் பாகத்தையும் பாதியில் நிற்கிற இரண்டாம் பாகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். அந்தப் பாதி வலிக்கத்தான் செய்யும்.

22 ஜூன்

பான்களைப் பற்றி யாருமே பேசவில்லையே. எனக்கு மறுபடி இறங்கியதில் கிடைத்த பெரிய சந்தோஷமே அவர்கள்தான்.

புதியவர்களுக்கு: நாம் ஒரு பானை உருவாக்குகிறோம், கூட இரண்டு பேர் மற்ற ஆட்டக்காரர்கள் உருவாக்கியவர்கள். அவர்கள் தங்கள் எஜமானரின் உலகத்தில் பார்த்ததை நினைவில் வைத்திருப்பார்கள். பாதை பிரியும் இடத்தில் ஒருத்தி "இந்தப் பக்கம் ஒரு பெட்டி இருக்கிறது, காட்டட்டுமா" என்பாள். பின்னாலேயே போனால் நிஜமாகவே இருக்கும். எல்ஃப்களின் ஊருக்குப் போனால் அவர்கள் பேசுவது நமக்குப் புரியாது. எல்ஃப் மொழி தெரிந்த பான் கூட வந்தால் அவள் சொல்லச் சொல்லப் புரியும். வெளியான வருடத்தில் நான் அப்படி ஒருத்தியைக் கூட்டிக்கொள்ளாமல் போய், அவர்கள் வாயைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இப்போது முழு உரையாடலும் கேட்டேன். அதே இடம், வேறு ஊர் போல இருந்தது.

ரொம்பப் பேசுகிறார்கள் என்ற புகார் பழையது, முதல் பாகத்திலிருந்து வருவது. அஃபொனைட் என்ற சிறப்புத் திறனைக் கொடுத்தால் பேச்சு குறையும். என் பானுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டேன். சண்டை முடிந்ததும் ஓடிவந்து கை உயர்த்துவாள், நாமும் தட்டலாம். அந்தச் சத்தமெல்லாம் இல்லாமல் அந்தக் காட்டில் எனக்கு நடக்கப் பிடிக்கவில்லை.

வந்து இத்தனை மாதம் கழித்தும் என் பானை யாரோ கூட்டிக்கொண்டு போகிறார்கள். நான் விடுதியில் படுத்து எழுந்தால், போன இடத்து அன்பளிப்போடு வந்து நிற்கிறாள். ஆளில்லாத கேம் இல்லை இது.

23 ஜூன்

டிராகன்ஸ்பிளேக் பற்றிக் கேட்டவருக்கு.

பானுக்கு வருகிற நோய். கண் சிவக்கும், தலையைப் பிடித்துக்கொள்வாள், சொன்ன பேச்சு கேட்கமாட்டாள். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டும். முற்றிய நிலையில் ஊர் விடுதியில் படுத்தால், காலையில் ஊரே பிணமாகக் கிடக்கும். கடைக்காரர், குவெஸ்ட் தருபவர், எல்லாரும். சேவ் ஒன்றே ஒன்று என்பதால் பின்னால் போவதும் கஷ்டம். பல பேர் கேமை விட்டதே இந்தக் காலைப்பொழுதில்தான்.

நான் இதை ஆதரிக்கிறவன். அந்தப் பயம் வந்த பிறகு பானின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். அதற்கு முன் முதுகைத்தான் பார்த்திருப்போம். இந்தத் தடவை வெர்ன்வொர்த் வாசலில், உள்ளே போகுமுன் நின்று மூன்று பேரையும் திருப்பிக் கண்ணைப் பார்த்தேன். கூலிக்கு வந்தவன் ஒருவனுக்குக் கண் சிவந்திருந்தது. ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய்த் தூக்கி ஆழத்தில் எறிந்தேன். ஆழமான தண்ணீரில் இறங்குவோரை விழுங்கும் ப்ரைன் அவனை இழுத்துக்கொண்டது. நோயோடு அவனை அவன் எஜமானரிடம் அனுப்பாமல் இருக்க இது ஒரு வழி. மனசுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது, ஆனால் கேம் என்னை இவ்வளவு கூர்ந்து பார்க்க வைத்ததே என்றும் இருந்தது.

பிடிக்காதவர்களுக்குப் பின்னால் கேஷுவல் மோட் வந்திருக்கிறது. அதில் ஊர் அழிவு கிடையாது, விடுதிச் செலவும் குறைவு. அதில் ஆடுவதைக் கேவலமாகப் பேசுபவர்களைச் சட்டை செய்யாதீர்கள். வேலைக்குப் போய்விட்டு வந்து இரவில் ஒரு மணி நேரம் ஆடுபவருக்கு ஊர் முழுக்கச் செத்துப்போவது விளையாட்டாக இருக்காது.

28 ஜூன்

பட்டால் வந்துவிட்டேன். எதிர்பார்த்ததைவிட மோசமாக உணர்ந்தேன்.

கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வெர்மண்டில் என்ன ஒரு தொடக்கம்! டிராகனால் இதயம் பறிக்கப்பட்டு அதை எதிர்க்கத் தேர்வான உண்மையான அரிசன் நாம், ஆனால் அரியணையில் ஒரு போலி அரிசன். அவனை உட்காரவைத்தவள் ராணி டீசா. காவல் தலைவர் பிராண்ட் இரவில் மதுக்கடையில் சந்தித்து ரகசிய வேலை தருகிறார். அரண்மனைக்குள் ஒளிந்து நுழைகிறோம், முகமூடி விருந்துக்குப் போகிறோம். இதெல்லாம் ஒரு பெரிய மோதலுக்குப் போகும் என்று காத்திருந்தால், எல்லையைத் தாண்டிப் பட்டாலுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்த இழைகள் அப்படியே தொங்குகின்றன. டீசாவோடு நேருக்கு நேர் ஒரு கணக்குத் தீர்க்கும் காட்சி எனக்கு வேண்டும். அது இல்லை.

பட்டாலிலும் நல்ல கரு இருக்கிறது. விலங்கு முகமுள்ள பீஸ்ட்ரன்களின் நாடு. பான்களை நம்பாத நாடு. எல்லையில் அனுமதிச் சீட்டு கேட்கிறார்கள். கயிற்றில் ஓடும் தொட்டில்களில் பள்ளத்தாக்கைக் கடக்கலாம். நடுவானில் ஹார்பிகள் வந்தால் திண்டாட்டம்தான். அதில் தொங்கிய முதல் தடவை அசந்துபோனேன். ஆனால் தொட்டிலை விட்டு இறங்கினால் குறுகலான பாறைச் சந்துகள், அதே எதிரிகள், கொஞ்சம் நிறம் மாறி. பக்பட்டால் நகரம் பார்க்க அழகு, அங்கே செய்ய வேலை குறைவு. நேரமும் பணமும் தீர்ந்துபோய் அவசர அவசரமாக மூடின மாதிரி ஒரு வாசனை. அது என் ஊகம்தான்.

நீங்கள் இங்கே விட்டதில் தப்பே இல்லை. கேமைக் கைவிட ஒரு இடம் சொல்லுங்கள் என்றால் நானும் இதையே சொல்வேன்.

29 ஜூன்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் "அப்படியானால் ஏன் இன்னும் ஆடுகிறீர்கள்" என்று கேட்டிருக்கிறார். டிரிக்ஸ்டர் என்ற வொகேஷனுக்கு (சண்டை போடும் தொழில்) மாறிவிட்டேன், அதனால்.

டிரிக்ஸ்டரால் நேரடியாக யாரையும் அடிக்க முடியாது. புகையால் பொய்யுருவம் எழுப்பி எதிரிகளை அதன் மேல் பாயவைக்கலாம், இல்லாத தரையை இருப்பதாகக் காட்டிப் பள்ளத்தில் விழவைக்கலாம். சண்டை முழுக்கப் பான்கள் கையில். அந்தக் குறுகலான சந்துகள் எனக்குத் திடீரென்று பிடித்துப்போயின, ஏனென்றால் இப்போது நான் தேடுவது விளிம்புகளை. ஒரு மினோட்டர் முழு வேகத்தில் ஓடிவந்து இல்லாத பாதையில் கால்வைத்து மறைந்ததைப் பார்த்தபோது சத்தம் போட்டே சிரித்துவிட்டேன்.

வெளியான நேரத்தில் இந்த வொகேஷனைத்தான் எல்லாரும் வீண் என்று ஒதுக்கினார்கள். முதல் ஆட்டத்துக்கு ஒத்துவராது, அது சரி. எதிரிகள் மனப்பாடமான ஒருவருக்கு இதைவிட நல்லது இல்லை.

5 ஜூலை (முடிவைப் பற்றிப் பேசுகிறேன், தெரிய வேண்டாதவர்கள் தாண்டிப் போகவும்)

முடித்துவிட்டேன்.

தொடக்கத் திரையில் கேமின் பெயர் வெறும் "டிராகன்ஸ் டாக்மா" என்றுதான் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? 2 கிடையாது. டிராகனை வென்று, முடிசூட்டி, பெயர்ப் பட்டியல் ஓடினாலும் கிடையாது. டிராகன் முதுகில் பறந்துகொண்டிருக்கும்போது, கையிலிருக்கும் காட்ஸ்பேன் கத்தியை எடுத்து அந்தச் சுழற்சியையே அறுத்தால்தான் உலகம் உடைந்து, திரையில் இரண்டு என்ற எண் வரும். அங்கேதான் இரண்டாம் பாகமே தொடங்குகிறது என்கிறார்கள்.

அந்த உடைந்த உலகத்தில் கடல் வற்றிக் கிடக்கிறது. அதுவரை ஆழத்தில் இறங்கினாலே ப்ரைன் பிடிக்கும் என்றிருந்த இடத்தில், கடலடித் தரையில் நடக்கலாம். வானம் சிவப்பு. ஓய்வெடுக்க ஓய்வெடுக்கச் சிவப்பு மூட்டம் நிலத்தை விழுங்குகிறது. ஒவ்வொரு ஊராகப் போய்ச் சனங்களைக் கடலடிக் கோயிலுக்கு அழைத்துவர வேண்டும். முதன்முறையாக, எந்தப் பாதையில் போவது, எப்போது படுப்பது என்பதற்கு நிஜமான விலை இருக்கிறது. கேம் முழுக்கக் கற்றுக்கொடுத்த நடை இங்கே அர்த்தம் பெறுகிறது.

எனக்கு ஆற்றாமையே இங்கேதான். இவ்வளவு நல்ல ஒன்றை, கத்தியை எடுக்கத் தோன்றினால்தான் கிடைக்கும் என்று ஒளித்துவைத்தார்கள். முடிசூட்டு விழாவோடு "அவ்வளவுதானா" என்று மூடிவைத்தவர்கள் என் நண்பர்களிலேயே உண்டு. இந்தச் சிவப்பு உலகத்தைக் கதையின் நடுவில் வைத்து, பட்டாலை அதற்குள் கொண்டுவந்திருந்தால் இந்தச் சண்டையே நடந்திருக்காது.

20 ஜூலை

கேட்டவர் திரும்ப வந்து, பழைய சேவிலிருந்து தொடரவா, புதிதாகத் தொடங்கவா என்று கேட்டிருக்கிறார்.

பழைய சேவ் என்றால் நீங்கள் பட்டாலில், சலித்த இடத்திலேயே விழிப்பீர்கள். புதிதாகத் தொடங்குங்கள். முதல் ஆட்டத்தில் எடுக்காத வொகேஷன் எடுங்கள், மாயமும் ஈட்டியும் கலந்த மிஸ்டிக் ஸ்பியர்ஹேண்ட் திறந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்ஃப் மொழி தெரிந்த பானைக் கூட்டிக்கொள்ளுங்கள். வெர்மண்டில் உங்கள் இஷ்டத்துக்குச் சுற்றுங்கள், பட்டாலில் முதன்மைக் குவெஸ்ட்டை மட்டும் பிடித்து வேகமாகப் போங்கள், அங்கே மூலைமுடுக்கெல்லாம் துழாவ வேண்டாம். மிச்சமாகும் நேரத்தைக் கடல் வற்றிய பிறகு செலவழியுங்கள்.

இன்னொன்று. வழியில் சீக்கர்ஸ் டோக்கன் என்று சின்னக் காசு ஒன்று கிடைக்கும். முதல் காசை எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்று வரைபடத்தில் உடனே குறித்துவையுங்கள். பின்னால் மலைக்கோயிலில் ஸ்ஃபிங்ஸ் போடும் புதிர்களில் ஒன்று, அந்த இடத்துக்கே திரும்பிப் போகச் சொல்லும். ஒரு ஆட்டத்தில் ஒரே வாய்ப்புதான்.